ஒரே எண்ணில் இருவர்

இருபத்து நான்கு போன்களில் இருபத்து மூன்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. வரவேற்பு மேசையில் இருந்த ஒன்று மட்டும் திரையில் சிவப்பாக ஒரு வரியைக் காட்டிக்கொண்டிருந்தது. இந்த எண்ணை வேறொருவர் பயன்படுத்துகிறார்.

“ஆரம்பிச்சிட்டியா?” என்றாள், போன்களைப் பொருத்தித் தர வந்திருந்த அவள், அந்தப் போனிடம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றே கால். ஏ.சி. ஓடாததால் காற்று அசையவில்லை. பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளின் வாசனையும் புது பிளாஸ்டிக்கின் நெடியும் தரைவிரிப்பின் பழைய தூசியும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜன்னல் மறைப்புகளின் இடுக்கில் வெயில் கோடுகோடாக விழுந்து, ஆளில்லாத நாற்காலிகளின் முதுகில் ஏறிக்கிடந்தது. திங்கள் காலை ஒன்பது மணிக்கு எல்லாப் போனும் அடிக்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டு, தான் மட்டும் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

அவள் மனசு பாதி வீட்டில் இருந்தது. எட்டு வயது மகளைத் தனியாக விட்டுவிட்டு வந்திருந்தாள். நான்கு மணிக்கு வருவதாகச் சொன்ன தங்கை இன்னும் பஸ்ஸே ஏறவில்லையாம். குட்டி பயந்தால் யாரையாவது கூப்பிடட்டும் என்று தன் செல்போனை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தாள். மதியம் இதே வரவேற்பு போனில் வெளி அழைப்பு போகிறதா என்று பார்க்கும் சாக்கில் வீட்டுக்குத்தான் பேசினாள்.

“சாப்பிட்டியா குட்டி?”

“ம்ம்.”

“யார் கதவத் தட்டினாலும் திறக்காத. சித்தி வந்தா இங்க போன் பண்ணுவா, நான் உனக்குப் பண்ணிச் சொல்றேன். நான் சொன்னா மட்டும்தான் திறக்கணும். சரியா?”

“எத்தன தடவம்மா சொல்லுவ!”

சிவப்பு வரியின் காரணம் சீக்கிரமே பிடிபட்டது. இன்டர்நெட் போனுக்கு வயர் மாட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஆபீஸ் நெட்வொர்க்கில் தனி விலாசமாக ஒரு எண் வேண்டும். சர்வரில் ஐம்பதிலிருந்து தொண்ணூறு வரை திறந்துவைத்தால், போன் விழித்ததும் கேட்கும், சர்வர் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வரவேற்பு போனுக்கு மட்டும் அறுபதைக் கையாலேயே போட்டிருந்தாள். போட்டவள் அந்த அறுபதைச் சர்வரின் வரிசையிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். சர்வர் அதையே இன்னொருவருக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டது. இந்த வேலையில் இருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது செய்து திட்டு வாங்கிய தப்பு இது. அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரே எண்ணில் இருவர் நின்றால் எல்லா வயரும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி கடைசியாகக் குரல் கொடுத்தவரைத்தான் நம்பும். முதலில் இருந்தவர் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால்தான் முதலில் அந்த இன்னொருவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு மேசையாகப் போய் எண்ணைச் சரிபார்த்தாள். இருபத்து மூன்றுக்கும் வேறு வேறு எண்கள். ஒன்றிலும் அறுபது இல்லை.

சர்வரின் பட்டியலைத் திறந்தாள். அறுபதை வாங்கிய கருவியின் பிறவி எண் அங்கே இருந்தது. போன் செய்யும் தொழிற்சாலையிலேயே உள்ளே பொறிக்கிற எண் அது. உலகத்தில் எந்த இரண்டு கருவிக்கும் ஒன்றாக இருக்காது. வரவேற்பு போனைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். பன்னிரண்டு எழுத்தும் அதேதான். மறுபடி ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். அதேதான்.

மாடிப்படி ஓரம் போய்க் குனிந்து கீழே குரல் கொடுத்தாள்.

“அண்ணே, மேல வேற யாராவது வந்தாங்களா?”

“பூட்டின ஆபீசுக்கு யாரும்மா வருவா?” என்றார் காவலாளி. “ஏன், துணைக்கு ஆள் வேணுமா?”

“ஒண்ணுமில்லண்ணே” என்று திரும்பினாள். அவர் கேலிக்குச் சிரித்த சிரிப்பு படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றது. அது அடங்கிய பிறகு ஆபீஸ் முன்பைவிட நிசப்தமாகிவிட்டது.

வரவேற்பு போனின் வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. சர்வரின் வரிசையிலிருந்து அறுபதை நீக்கினாள். இனி அந்த எண்ணில் யாரும் இருக்கக் கூடாது. மணி நான்காக ஐந்து நிமிடம் இருந்தது. லேப்டாப்பிலிருந்து அறுபதுக்கு, அங்கே யாராவது இருக்கிறார்களா என்று, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

பதில் வந்தது.

மறுபடி தட்டினாள். மறுபடி பதில். தாமதமே இல்லை. பக்கத்திலேயே இருக்கிற மாதிரி.

ஏதோ பழைய பதிவு, சர்வர் குழம்பிப்போயிருக்கிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணக்குப் பிரிவின் மேசையில் இருந்த போனை எடுத்து, வரவேற்பை உள்ளுக்குள் கூப்பிடுகிற எண்ணான நூற்று ஒன்றை அழுத்தினாள்.

வயர் பிடுங்கிய போன் இருபதடி தள்ளிக் கறுப்பாகக் கிடந்தது. அது அடிக்கவில்லை. ஆனால் அவள் காதில் மணி போனது. இரண்டு தடவை. மூன்று தடவை.

யாரோ எடுத்தார்கள்.

எதிர்முனையில் ஒரு அறை இருந்தது. சுவர்க்கடிகாரத்தின் முள் நகரும் சத்தம். நாற்காலி கிறீச்சிடும் சத்தம். யாரோ மூக்கால் மெல்ல மூச்சு விடுகிற சத்தம்.

“ஹலோ” என்றாள்.

“ஹலோ.”

அவள் குரல். எதிரொலி. எதிரொலிதான். புது லைனில் அப்படி வருவது உண்டு. ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

“யாரு பேசறது?”

எதிரொலி வரவில்லை. பிறகு அவளுடைய குரல், அவளுடைய அதே கொஞ்சலோடு சொன்னது.

“சாப்பிட்டியா குட்டி?”

ரிசீவரைப் போட்டாள்.

மதியம் அவள் பேசிய அத்தனையும் அந்த எண்ணின் வழியாகத்தான் போயிற்று. சாப்பாடு. சித்தி. கதவு.

கதவு.

லேப்டாப்புக்கு ஓடினாள். அழைப்புப் பட்டியல். நூற்று ஒன்றிலிருந்து வெளியே போன அழைப்புகள். மதியம் ஒன்று, அது அவள் பேசியது. அதற்குக் கீழே இன்னொன்று. மூன்று ஐம்பத்தெட்டு. நாற்பது விநாடி. அவளுடைய செல்போன் எண்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு அந்தப் போனில் வயரே இல்லை.

கணக்குப் பிரிவுப் போனில் தன் எண்ணைத் தானே அழுத்தினாள். விரல் தவறியது. மறுபடி. மணி போனது. எடு. மணி போனது. எடு குட்டி. எடுடி கண்ணு.

“ஹலோ?”

“குட்டி! நான் அம்மா. கதவத் திறந்தியா?”

“திறந்துட்டேனே. நீதான சொன்ன.”

“சித்தி வந்துட்டாளா? சித்திதான?”

“சித்தி இல்லம்மா.” குட்டி சிரித்தாள். “நீதான் வந்த.”

“நான் இன்னும் ஆபீஸ்லதான் இருக்கேன் குட்டி!”

“வெளையாடாதம்மா” என்றாள் குட்டி. பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. போனை வாயிலிருந்து எடுத்து எதையோ திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. மறுபடி பேசியபோது குரல் சின்னதாகிவிட்டிருந்தது. “நீ உள்ள செருப்பு கழட்டிட்டு இருக்க. அப்ப நீங்க யாரு?”

“குட்டி, ஓடு. பக்கத்து வீட்டுக்கு ஓடு. இப்பவே…”

“யாரு கண்ணு போன்ல?” பின்னாலிருந்து கேட்டது. அவள் குரல். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த களைப்பு கூட அதில் இருந்தது. “குடு, நான் பேசறேன்.”

“குடுக்காத! குட்டி, நான்தான் அம்மா! நான்தான்!”

போன் கை மாறியது. மூக்கால் விடுகிற மெல்லிய மூச்சு.

“ராங் நம்பருங்க” என்றது அவள் குரல், பொறுமையாக, மரியாதையாக.

இணைப்பு அறுவதற்கு முன்பு, கதவை உள்ளேயிருந்து தாழ் போடுகிற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.