உருக்காத பவுண்

விடியவே மச்சாள் கிருஷ்ணவேணி குசினிக்குள் வந்து பேபியின் கையிலிருந்த, தங்கப் பவுண் வைத்த தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள்.

"விடும் பேபி. சூதாடின கை பவுணில படவேண்டாம் எண்டு தம்பி சொல்றான்."

கிருஷ்ணவேணியின் தம்பி என்றால் பேபியின் புருஷன் இராஜரட்ணம். அப்படிச் சொன்னாரோ இல்லையோ, இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறக்கவில்லை. கராஜில் ஆசாரியாருக்குக் கதிரை போட்டுக்கொண்டிருந்தார். மகன் கிருபன் கட்டப்போகிற தாலிக்கு இன்று பொன்னுருக்குச் சடங்கு. வீட்டுக்குள் உருக்கினால் புகை மணி கத்தும் என்று எல்லாம் கராஜில். பெற்ற தாய்க்கு மட்டும் குசினி, அடுப்படி.

சூதாட்டக் கணக்கு அவளுடைய பெயரில்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. போன விண்டரில் பந்தயக் கொம்பனிக்குக் காசு போவதை பாங்கில் கண்டு இராஜரட்ணம் கத்தியபோது, கிருபன் அறைக்குள் வந்து தாயின் காலைப் பிடித்தான். கூடைப்பந்தில் எந்த அணி வென்றாலும் அவனுக்கு ஒன்றுதான். யாரோ ஒரு நெட்டையன் பத்து ரீபவுண்ட் எடுப்பானா, கூடையில் விழாமல் திரும்புகிற பந்தைப் பத்துத்தரம் பிடிப்பானா என்பதில்தான் அவன் சீவன். ஒன்பதில் கோச் அவனை வெளியே இருத்திவிட்டால், இவன் சுவரில் குத்துவான். இனி வேண்டாம் என்று தன் பந்தயக் கணக்கைத் தானே பூட்டியவன், பிறகு தாயின் பெயரில் ஒன்றைத் திறந்தான். ஹெல்த் காட் புதுப்பிக்க முகப்படம் வேண்டுமென்று சொல்லிப் போனை நீட்டியபோது, பேபி தன் தலையைத் தடவிவிட்டுச் சிரித்தும் வைத்தாள்.

"கலியாணப் பேச்சுக் குழம்பிடும் அம்மா... சத்தியமா இனி இல்லை."

அவள் வெளியே போய், "ஓம், நான்தான்" என்றாள். ரீபவுண்ட் என்றால் என்னவென்று ஒருத்தராவது அவளிடம் கேட்டார்களா? கேட்காமலே நம்பினார்கள். அதுதான் இன்றுவரை அவளுக்குப் பொறுக்கவில்லை. பாங்க் காட் பறிபோனது. பஸ் காசுக்கும் கை நீட்டவேண்டும். கோயிலில் மச்சாள் வைத்த பெயர் 'ரீபவுண்ட் பேபி'.

ஆசாரியார் கரியை அடுக்கிக்கொண்டிருந்த நேரம், பட்டு வேட்டி சரசரக்கக் கிருபன் குசினிக்குள் வந்தான்.

"அம்மா, ஒருக்கா இதைப் பாருங்கோ."

போன் திரையில் ஒரு வட்டம். அதற்குள் அவளுடைய முகம்.

"என்ன உது?"

"போன் மாத்தினனான், கணக்குத் திறக்கத் திரும்ப உங்கட முகத்தைக் கேக்குது. ஒரு மணிக்கு மட்ச். லாஸ்ற் ஒண்டு, ப்ராமிஸ். அவன் இண்டைக்குப் பத்து எடுப்பான்."

பேபி முகத்தைத் திருப்பினாள். அவன் போனோடு அந்தப் பக்கம் வந்தான். இந்தப் பக்கம் திரும்பினாள். இந்தப் பக்கமும் வந்தான். நெருப்புப்பெட்டி எடுக்க வந்த இராஜரட்ணம் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"நீயோடா?"

கிருபன் போனை வேட்டி மடிப்புக்குள் ஒளித்தான். இராஜரட்ணம் மனைவியின் கையைப் பிடித்தார்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எங்க கேட்டனீங்கள்... தீர்ப்புத்தானே சொன்னனீங்கள்."

நேரம் போகிறது என்று தாம்பாளத்தோடு வந்த கிருஷ்ணவேணிக்கு அவர்களின் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. இராஜரட்ணம் தாம்பாளத்துப் பவுணை எடுத்துப் பேபியின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீர்தான் இதை ஆசாரியாரிட்ட எடுத்துக் குடும். இல்லாட்டி உருக்கிறேல்லை."

பேபிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பவுணைப் பொத்திக்கொண்டாள். பொன்னுருக்கினால் கலியாணம்வரை பொம்பிளையும் மாப்பிள்ளையும் சந்திக்கக்கூடாது. பிக்கரிங்கில் இருக்கிற பொம்பிளை சுபாங்கிக்கோ இந்தச் சூது ஒன்றும் தெரியாது.

"கிருபன், உருக்க முதல் போ. சுபாங்கியிட்ட உன்ர வாயால எல்லாத்தையும் சொல்லு. பிறகும் அவள் ஓம் எண்டால், இந்தக் கையால தாறன்."

"சுபநேரம் முடியப்போகுது," என்றாள் கிருஷ்ணவேணி.

"முடியட்டும் மச்சாள். பழி சுமக்க இந்த வீட்டுக்கு ஒரு பேபியே காணும்."

கிருபன் வேட்டியோடேயே காரை எடுத்தான். பேபி கராஜுக்குப் போய், முன்வரிசைக் கதிரையில், பொத்திய கையை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"அண்ணை, கொஞ்சம் சுணங்கும்," என்றாள் ஆசாரியாரிடம். பிறகு திரும்பிப் பாராமலே புருஷனிடம், "இஞ்சேருங்கோ, அவருக்கு ஒரு தேத்தண்ணி போடுங்கோ."

சீனிப்போத்தல் எங்கே இருக்கிறதென்று தெரியாத இராஜரட்ணம் குசினிக்குள் போனார்.