பதின்மூன்றரை அங்குலம்

சுவர் நகர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பு மணி அடிக்கும். ஜெனோவா அதற்குள் எழுந்து, தண்ணீர்க் குடத்தைச் சுவரோரத்திலிருந்து நடு அறைக்கு இழுத்து வைத்து, கட்டில் மேல் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பதினோராம் தளத்தின் எல்லா வீடுகளிலும் காலை ஐந்தரைக்கு இதே காட்சிதான். பெரும்பாலான நாட்களில் எதுவும் நகராது. நகராது என்று நம்பி மீன்சட்டியைச் சுவரோரமாக விட்டவர்கள் சட்டியையும் குழம்பையும் சேர்த்து இழந்ததுண்டு.

கடல் தூத்துக்குடிக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. மிச்சமிருந்த சனம் முழுவதும் தண்ணீருக்கு மேலே எழுப்பிய கோபுரங்களில்தான் இருந்தது. ஒரு தளம் என்றால் ஒரே வரிசை, நூற்று ஐம்பத்து மூன்று அடி நீளம். அதற்குள் எத்தனை வீடு வந்தாலும் அடங்க வேண்டும். அதனால் வீடுகளுக்கு நடுவே நிலையான சுவர் கிடையாது. பாசியை அழுத்திச் செய்த மெல்லிய நெகிழ்சுவர்கள் தண்டவாளத்தில் ஓடின. எந்தச் சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு நிரல் முடிவு செய்தது.

அந்த நிரலின் விதிகள் ஒன்றும் புதியவை அல்ல. திரையில் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், படத்தையும் எழுத்தையும் பெட்டி பெட்டியாக அடுக்குவதற்கு ஃப்ளெக்ஸ்பாக்ஸ் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். பெட்டிகளுக்குப் பதிலாக மனிதர்களை வைத்தார்கள், அவ்வளவுதான். ஜெனோவா நான்காம் தளத்தின் லேஅவுட்டை எழுதும் அடுக்கெழுத்தர். தான் குடியிருக்கும் தளத்தின் நிரலைத் தொட அவளுக்கு அனுமதியில்லை. சொந்த வீட்டை நாலடி நகர்த்திக்கொள்ளாத உத்தமர்கள் உலகத்தில் இல்லை என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் சில எண்கள் உண்டு. அடிப்படை அகலம், அந்த வீடு தனக்கு வேண்டுமென்று கேட்பது. சுருங்கெண், இடம் போதாதபோது விட்டுக்கொடுக்கச் சம்மதமா என்பது. விரிவெண், இடம் மிஞ்சினால் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பது. இந்தக் கடைசி எண்ணில் ஆளாளுக்கு ஆயிரம், லட்சம் என்று எழுதி அடிதடி வரைக்கும் போனதால், பதினோராம் தளத்தில் கூட்டம் போட்டு எல்லாருக்கும் பூஜ்யமாக்கிவிட்டார்கள். மிஞ்சும் இடம் இனி வீடுகளுக்கு இடையில் சமமாகப் பிரிந்து சும்மா கிடக்கட்டும் என்று முடிவு. தனக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்கும் கிடைக்காது என்றதும் எல்லாரும் கை தூக்கினார்கள்.

வரிசையில் எட்டு வீடுகள். ஏழாவது ஜெனோவாவுடையது. எட்டாவது, கடைசி வீடு, பாக்கியசீலனுடையது.

அவர் கீழ்த்தளத்தில் உப்புநீக்கி இயந்திரங்களைக் கழுவிப் பூட்டும் வேலையில் இருந்தார். தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது தலை நரைத்திருந்தது, கல்யாணம் ஆகவில்லை. ஜெனோவாவின் கணவர் குடிபெயர்ந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டார். பதினொரு வருடத்துக்கு முன்பு அவள் மூன்று நாள் விடாமல் இருமிக்கொண்டிருந்தபோது, சுவர் திடீரென்று பேசியது. "சுக்கு தட்டிப் போட்டுக் குடிங்க. ஆஸ்பத்திரிக்காரன் மாத்திரைக்கு இது கேக்காது." அவள் பயந்துபோய்ப் போர்வையை இழுத்துக்கொண்டாள். மறுநாள் இருமல் நின்றதும், மரியாதைக்குச் சுவரைப் பார்த்து நன்றி சொன்னாள். அன்றைக்குப் பிடித்த பேச்சு நிற்கவில்லை.

தினமும் நான்கு மணிக்கு, அவரவர் அறையில் அவரவர் தேநீரோடு, ஒரே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்வார்கள். பேசாத விஷயம் கிடையாது. வெளியே நடைபாதையில் எதிர்ப்பட்டால் மட்டும் "சாப்ட்டாச்சா?", "ஆச்சு" என்பதோடு சரி. தளத்தில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். ஜெனோவா ஒருநாளும் கூப்பிட்டதில்லை, வேறு எப்படியும் கூப்பிடாமலே பதினொரு வருடத்தை ஓட்டியிருந்தாள். அவளுக்கு அந்த ஆள் வேண்டும். ஐம்பத்தொரு வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆவணி மாதம் அறிவிப்பு வந்தது. மூழ்கிக்கொண்டிருந்த ஒரு மிதவைக் குடியிருப்பிலிருந்து ஒரு தாயும் கைக்குழந்தையும் பதினோராம் தளத்துக்கு வருகிறார்கள். சட்டப்படி ஒரு வீட்டின் குறைந்தபட்ச அகலமான ஒன்பது அடி அவர்களுக்கு. புதியவர்கள் எப்போதும் லிஃப்ட் பக்கம், வரிசையின் தொடக்கத்தில். வரிசையோ ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. எட்டு வீட்டாரும் சுருங்கெண்ணைப் பூஜ்யமாக, அதாவது அங்குலம்கூட விடமாட்டோம் என்று, வைத்திருந்தார்கள். யாரும் ஒன்பது அடி விடவில்லையென்றால் கடைசி வீடு மடிந்து கீழ்வரிசைக்குப் போகும். போகும் வீடு அந்த வரிசையின் தொடக்கத்தில், அதாவது இந்தக் கோடிக்கு நேர் எதிர்க்கோடியில், ஒரு தளம் கீழே போய் நிற்கும்.

"எனக்கென்ன, ஒத்த ஆளு. கீழ போகச் சொன்னா போயிட்டுப் போறேன்" என்றது சுவர்.

"ஆமா, ஒத்த ஆளுக்கு எங்க இருந்தா என்ன" என்றாள் ஜெனோவா. சொன்ன வாயைக் கிள்ளவேண்டும்போல் இருந்தது. அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

எண்களை மாற்றும் நாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும்; அது இப்போது வந்திருந்தது. அவள் நினைத்திருந்தால் சுருங்கெண்ணில் ஒன்று என்று போட்டிருக்கலாம். ஆனால் சுருங்கெண்கள் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் எல்லாரும் பார்க்க ஒட்டப்படும். எட்டுப் பேரில் ஒருத்தி மட்டும், கடைசி வீட்டுக்காரர் கீழே போகப்போகிற நேரம் பார்த்து, நான் சுருங்குகிறேன் என்று எழுதினால் என்ன அர்த்தம்? மூன்றாம் வீட்டு லூர்து ஒருத்தி போதும், பதினாறு தளத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள். அடிப்படை அகலம் அப்படியில்லை. அதைக் கேட்டவருக்கும் நிரலுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஜெனோவா பதினெட்டு அடியை அழித்துவிட்டு ஒன்பது என்று எழுதி அனுப்பினாள்.

அந்த வாரம் முழுவதும் அவளுக்கு வேலை இருந்தது. சாப்பாட்டு மேசையையும் பெரிய அலமாரியையும் நான்காம் தளத்து ஆட்களை அழைத்துக் கொடுத்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமும் சாமான்கள் இழுபடும் சத்தம் கேட்டது. பாவம், கீழே போவதற்கு மூட்டை கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். நான் இருக்கும்போது எங்கே போய்விடுவார் என்று ஒரு கர்வமும் வந்தது.

"என்ன, அங்கன ஒரே இழுபறியா இருக்கு?" என்று அவர் நான்கு மணிக்குக் கேட்டார்.

"ஒட்டடை அடிக்கேன். அங்கன என்ன?"

"நானும் ஒட்டடைதான்" என்றார் பாக்கியசீலன்.

சனிக்கிழமை காலை மணி அடித்தது. ஜெனோவா கட்டிலில் உட்கார்ந்தாள். அறை இரு பக்கமும் நெருங்கி வந்தது. போதும் என்று அவள் கணக்குப் போட்டிருந்த இடத்தில் சுவர்கள் நிற்கவும் செய்தன. பிறகு எங்கோ, சுவரின் இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடித்திருந்த கொக்கி கழலும் சத்தம். அதன் பின்னாலேயே, இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் கேட்டிராத கடல் இரைச்சல், சுவரின் மறுபக்கத்திலிருந்து நேராக வந்தது.

அவளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. தொழிலே அதுதானே. ஒன்பது அடி தேவைப்பட்ட இடத்தில் பதினெட்டு அடி வந்திருக்கிறது. மிச்சம் ஒன்பது அடி. ஒன்பது வீடுகள், எட்டு இடைவெளிகள். ஒவ்வொன்றும் பதின்மூன்றரை அங்குலம்.

நடைபாதையில் சந்தை இரைச்சல். ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து திறந்து, காற்று பிய்த்துக்கொண்டு போனது. "எந்தக் கிறுக்கன் இடத்த விட்டது? அடுப்பு ரெண்டு தடவ அணைஞ்சிட்டு!" என்று லூர்து கத்திக்கொண்டிருந்தாள். எல்லாச் சுவர்களும் ஒருசேர நகர்ந்ததில், யார் வீடு குறைந்தது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. புதிதாக வந்த தாய், தன்னால்தான் இதெல்லாம் என்பதுபோல, குழந்தையை அணைத்துக்கொண்டு முதல் வீட்டு வாசலில் ஒடுங்கி நின்றாள்.

பாக்கியசீலன் தன் வாசலில் நின்று, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆள் நுழைய முடியாத அகலம். அந்தக் கோடியில் ஒரு கோடு போலக் கடல் தெரிந்தது. ஜெனோவா இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"எவ்வளவு குறைச்சிய?" என்று சந்துக்குள் பார்த்தபடியே கேட்டார்.

"ஒம்பது. நீங்க?"

"நானும் ஒம்பது."

ஜெனோவா சந்தின் ஓரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"சுருங்கெண்ணுல போட்டிருந்தா ஆளுக்கு நாலரையோட போயிருக்கும், சுவரும் இருந்திருக்கும். இதே தொழில்ல இருக்கிய, உங்களுக்குத் தெரியாதா?" அவர் குரலில் கோபம் இல்லை, ஏக்கம்தான் இருந்தது.

"பலகையில ஒட்டிருவாங்களே."

"ஆமா" என்றார் அவர். "எனக்கும் அதான்."

அதற்குள் லூர்து வந்துவிட்டாள். "அண்ணாச்சி, உங்களுக்குத்தான் நல்ல காலம், கீழ போகல. எந்தப் புண்ணியவானோ இடத்த விட்டுட்டான். ஆனா இந்தச் சந்த தொண்ணூறு நாளைக்கு மாத்த முடியாதாமே, அக்கா, நெசமா?"

"நெசந்தான்" என்றாள் ஜெனோவா.

அவர் அவளை நேராகப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, லூர்துவைப் பார்த்து, நடைபாதையில் நின்ற அத்தனை தலைகளையும் பார்த்து, "வேலைக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். முகத்தைப் பார்த்துப் பேச இருவருக்கும் பழக்கமில்லை. சுவரில்லாமல் எப்படித் தொடங்குவது என்று அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மூன்றரைக்கு அவர் வீட்டுக் கதவு திறந்து மூடியது. நான்கு மணிக்கு ஜெனோவா தேநீரை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் முதுகைச் சாய்த்தாள். சுவர் ஜில்லென்று இருந்தது. பேர் சொல்லி அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் பேரைச் சத்தமாகச் சொன்னாள். காற்றுதான் உறுமியது. அந்தப் பக்கம் அவர் இருக்கிறாரா, சாய்ந்திருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. அவர் காதில் எதுவும் விழாது என்று உறுதியான பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"உங்க பக்கத்துல இருக்கணும்னுதான் குறைச்சேன். வேற எதுக்குமில்ல. பாதி வீடு போனதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உங்க குரல் இல்லாம எப்படி இருக்கப்போறேன்னுதான் தெரியல. பதினொரு வருசமா எனக்கு நாலு மணி ஒண்ணுதான் பொழுது."

சொல்லிவிட்டு ஒரு வாய் தேநீர் குடித்தாள். அவர் பதில் சொல்ல வழக்கமாக எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரோ, அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள்.