சூர் நகரத்துப் புல்

கிறிஸ்ரி சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்தான்.

"எனக்கு வேணாம்."

"பருப்பும் கருவாடும்டா. நீ கேட்டதுதானே?" என்றாள் அக்கா அஷ்வினி.

"அம்மா இருக்கிற ஊரு ஒடஞ்சிருச்சு. எனக்குத் தெரியும்."

அவர்களுடைய அம்மா சுவர்ணா லெபனானில், கடலோரத்துச் சூர் நகரத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். அங்கே இப்போது சண்டை. குண்டுகள் விழுகின்றன. சில நாட்களாக அம்மாவுக்குப் போன் எடுத்தால் கிடைக்கவில்லை.

அவர்கள் குடியிருக்கும் மஹய்யாவையில் எல்லோருக்கும் இது தெரியும். ஆறு வயதுக் கிறிஸ்ரிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவன் உள்ளே வந்தால் அப்பா டிவியை நிறுத்துவார். "அம்மாவுக்கு ஒண்ணுமில்ல மகன்" என்பார். பிறகு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். பாவம், அப்பாவுக்கு நடிக்கவே தெரியாது.

"யார்டா சொன்னது?"

"அப்பா போன்ல பாத்தேன்."

அவன் காட்டிய படத்தில் அம்மா நின்றிருந்தார். சுற்றிலும் முறிந்த தூண்களும் இடிந்த சுவர்களும் கிடந்தன.

"ஐயோ, இது போன வருசம் லீவு நாள்ல அம்மா எடுத்த படம்டா. அந்த ஊர்ல ஒரு பழைய நகரம் இருக்கு. அந்தக் காலத்து ஆளுங்க கடல் நத்தையில இருந்து ஊதாச் சாயம் எடுத்தாங்களாம். ராஜாமாருதான் அந்தக் கலர்ல உடுப்பாங்களாம். கோயில்ல பைபிள்ல தீர், சீதோன்னு வாசிப்பாங்கல்ல? அந்தத் தீர்தான் இது. இங்கிலீசுல டயர்."

"ஊருக்கு யாராச்சும் டயர்னு பேர் வைப்பாங்களா? எல்லாரும் பொய்தான் சொல்றீங்க!"

அஷ்வினி படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"தூணுக்கு நடுவுல என்ன இருக்கு?"

"புல்லு."

"நேத்து ஒடஞ்ச எடத்துல இவ்வளவு புல்லு மொளைக்குமா?"

அவன் யோசித்தான். "மொளைக்காது. கல்லு மேல பூனை வேற தூங்குது."

"குண்டு விழுந்தா பூனை தூங்குமா?"

கிறிஸ்ரியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப அம்மா இப்ப நல்லா இருக்காங்களா?"

'ஒண்ணுமில்ல' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை அவளே நம்பவில்லை. அவன் எப்படி நம்புவான்?

"எனக்குத் தெரியாது தம்பி. அங்க சண்டை நடக்குது. அப்பாவுக்கும் தெரியாது. எனக்கும் பயமா இருக்கு."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கிறிஸ்ரியும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் பீங்கானை இழுத்துச் சாப்பிட்டான். கருவாட்டில் பாதியை அக்காவுக்குக் கொடுத்தான்.

வாசலில் நின்ற அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று செய்தி வந்தபோது அவர் டிவியை நிறுத்தவில்லை. மூவரும் சேர்ந்தே பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படும்போது தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அம்மாதான்! குரல் கம்மியிருந்தது. அவர் வேலை செய்த வீடு இடிந்துவிட்டது. வேறு பெண்களோடு ஒரு வேனில் தப்பி, இப்போது பெய்ரூட்டில் ஒரு மாதா கோயிலில் தங்கியிருக்கிறார். ஊருக்கு வர இன்னும் வழி கிடைக்கவில்லை.

அப்பா போனைக் கிறிஸ்ரியிடம் கொடுத்தார்.

"எப்பம்மா வருவீங்க?"

"சீக்கிரம் வந்துருவேன் தங்கம். நத்தார்ப் பண்டிகைக்குள்ள..." அம்மாவின் குரல் உடைந்தது.

"தெரியாட்டி தெரியாதுன்னே சொல்லுங்கம்மா," என்றான் கிறிஸ்ரி. "நாங்க அழுதுட்டு, சாப்பிட்டுட்டு இருப்போம்."