கால்பூட்டு

இரண்டு தொடைகளிலும் கால்பூட்டை இறுக்கிக்கொண்டு சவரிமுத்து கப்பல் தொட்டியின் ஆள்துளையோரம் காவலுக்கு வந்து நின்றார். தொடை வலித்தது. எட்டு வருடமாக வலிக்கிறது. இப்போது அதைப் பற்றி யாரிடமும் சொல்வதுகூட இல்லை.

தொட்டிக்குள் துரு சுரண்ட இறங்கப்போகிற இன்னாசி அவர் மனைவியின் தம்பி. இடுப்பு வாரில் கயிற்றை மாட்டியபடியே பேசினான்.

"அத்தான், போன வாரம் பெலிக்ஸ் தொட்டி வாசல்ல காவல் நின்னாம்லா, நான் தும்முனதுக்கே அவனுக்குப் பூட்டு விழுந்துட்டு. குத்துக்கல்லு மாதிரி நின்னுட்டான்."

"ஏலே, வாயடிக்காம எறங்கு."

"ஒங்களுக்கு விழுந்தா கப்பலே குலுங்கும்னு சொல்லுதானுவ. அந்தத் தைரியத்துலதான் எறங்குதேன்."

முன்பெல்லாம் தூத்துக்குடியின் அந்தப் பழுதுத்தளத்தில் ஒருவன் தொட்டிக்குள் விழுந்தால் சாவு ஒன்றோடு நிற்காது. அவனைத் தூக்க இரண்டாமவன் குதிப்பான், இருவரையும் தூக்க மூன்றாமவன். உள்ளே இருக்கும் காற்று மூவருக்கும் ஒன்றுதானே? கால்பூட்டு வந்த பிறகுதான் அது நின்றது. காப்பாற்ற ஓட நினைத்ததும் முதுகுத்தண்டிலிருந்து தொடைக்கு ஒரு மின்குறிப்பு கிளம்பும். கால் அசைவதற்குள் பூட்டு அதைப் பிடித்துவிடும். தசை தொண்ணூறு நொடிக்குக் கல்லாகிவிடும். கைகள் மட்டும் மிஞ்சும், அபாயச் சங்கை அழுத்தவும் கயிற்று உருளையைச் சுற்றவும். அதன்பின் வாசலில் நின்றவர் எவரும் சாகவில்லை.

பூட்டு விழாதவர்களை நிர்வாகம் 'நிதானமானவர்கள்' என்று பாராட்டியது. தொட்டிக்குள் இறங்குகிறவர்களோ, தமக்காகப் பதறுகிறவன் என்று, பூட்டு விழுகிறவனைத்தான் வாசலில் கேட்டு வாங்கினார்கள். சவரிமுத்துவுக்கு முதல் வருடம் நாற்பத்தொரு முறை விழுந்தது. உள்ளே சுத்தியல் நழுவினாலே விழும். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நொண்டுவார். அதனால் எல்லோருக்கும் அவர்தான் வேண்டும்.

மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்திலும் காற்றுமானி சரியென்றது. ஆனால் அடித்தட்டின் தடுப்புக்குப் பின்னால் ஏழு மாதமாகக் காற்றோட்டமே இல்லாத ஒரு மூலை இருந்தது. துருப்பிடிப்பது என்றால் இரும்பு பிராணவாயுவைத் தின்பது என்றுதான் பொருள். அந்த மூலையில் அது வயிறாரத் தின்றிருந்தது. உள்ளே இறங்கிய இன்னாசி அந்த மூலைக்குள் தலையை மட்டும் நீட்டினான். மூச்சுத் திணறவில்லை. திணறலை உண்டாக்குவது உடம்பில் சேரும் கரியமிலவாயு. அதுதான் வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருந்ததே! பிராணவாயு குறைந்தால் உரக்க அடிக்கும் மணி எதுவும் உடம்புக்குள் இல்லை.

"அத்தான், இங்கன துரு பாளம் பாளமா..."

பேச்சு அறுந்தது. கயிறு தொய்ந்தது.

சவரிமுத்து சங்கை அழுத்தினார். உருளையைச் சுற்றினார், சீராக, கயிறு விளிம்பில் உரசாமல். ஒரு நிமிடத்துக்குள் இன்னாசி மேலே வந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. முகமூடி வழியாகப் பிராணவாயு பாய்ந்த சற்று நேரத்தில் இருமினான், கண் திறந்தான்.

பாதுகாப்பு அதிகாரி ரஹ்மத் நிஷா பூட்டின் பதிவைப் படித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சவரியண்ணே, பூட்டு விழவே இல்லையே! ரிப்பேரோன்னு சோதிச்சும் பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு. ஒங்க காலு ஓட நெனைக்கவே இல்ல!"

எட்டு வருடம் தண்டித்தால் நரம்பும் பாடம் கற்றுக்கொள்ளும். ஓட நினைத்தால் வலி, நினைக்காவிட்டால் வலியில்லை.

இன்னாசி முகமூடியை விலக்கினான். "விழவே இல்லையா?"

"ஓடி வந்திருந்தா ரெண்டு பேரும்லா செத்திருப்போம்."

"தெரியும் அத்தான். சரியாத்தான் செஞ்சிய." முகமூடியைத் திரும்ப மாட்டுமுன் சொன்னான்: "ஆனா அடுத்த தடவ பெலிக்ஸையே நிக்கச் சொல்லுங்க."

அவனைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ரஹ்மத் நிஷா குனிந்து சவரிமுத்துவின் பூட்டுகளைத் தாமே கழற்றினார்.

"இனி ஒங்களுக்கு இது தேவையே இல்ல. ஒங்கள மாதிரி நிதானத்துக்கு எல்லாரையும் பழக்கணும்ணே." பிறகு தளத்தின் வெளிவாசலைப் பார்த்துப் பதறினார். "ஐயோ, வண்டி கெளம்புது! கூடப் போங்க, ஓடுங்க!"

ஆம்புலன்ஸின் கதவு மூடிக்கொண்டிருந்தது. சவரிமுத்து அதை நோக்கி நடந்தார்.