அச்சாபீஸ் மாடியில் இன்னொரு சர்வர்

மதியம் மூன்று மணிக்குச் செல்லக்கனியின் கணினி பில் போடுவதை நிறுத்தியது. சற்று நேரத்தில் பக்கத்து மேசையும் நின்றது. பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகத் தூக்கம் பரவுவதுபோல அந்தப் பட்டாசுக் கம்பெனி அலுவலகம் அடங்கியது. வெளியே மேகம் தாழ்ந்து, சிவகாசியே தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. 2006, தீபாவளி சீசன். ஏழாயிரம்பண்ணைக்கு அனுப்ப வேண்டிய லாரிகள் பில் இல்லாமல் வாசலில் நின்றன.

நாலரை மணிக்கு விருதுநகரிலிருந்து ஐஸ்வர்யா வந்தாள். நெட்வொர்க் கோளாறுகளைத் துப்புத் துலக்குவதே அவள் தொழில்.

"தேடவே வேண்டாம்மா," என்றார் முதலாளி ஸ்ரீராம்குமார். "காளிராஜ்தான். சென்னைக்குப் போறேன்னு ராஜினாமா குடுத்தான். போறப்ப கெடுத்துட்டான். போலீஸுக்குச் சொல்லியாச்சு."

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் காளிராஜ் சுவரோரம் நின்றிருந்தான்.

"என்ன ஆச்சு?" என்று அவனிடம் கேட்டாள்.

"காலைல மெயின் சர்வர் எரிஞ்சு போச்சு மேடம். நெட்வொர்க்ல ஒண்ணோட ஒண்ணு பேச, கம்ப்யூட்டருக்கெல்லாம் நம்பர் குடுக்குறது அதுதான். கொஞ்ச நேரத்துக்குத்தான் குடுக்கும். நேரம் முடிஞ்சா திரும்பக் கேக்கணும்."

"அது செத்தா?"

"இன்னொண்ணு குடுக்கும். பக்கத்துக் கட்டடத்துல, நம்ம அச்சாபீஸ் மாடில வச்சிருக்கேன். ஒரு பக்கம் தீப்பிடிச்சாலும் இன்னொண்ணு தப்பிக்கட்டும்னு."

"அது உயிரோட இருக்கா?"

"இருக்கு. என் கம்ப்யூட்டர்ல இருந்து கூப்பிட்டா பதில் சொல்லுது."

"உங்க கம்ப்யூட்டர் இன்னும் ஓடுதா?"

"அதுக்கு நம்பரை நானே கையால எழுதி வச்சிருக்கேன்."

ஐஸ்வர்யா அச்சாபீஸுக்கு நடந்தாள். அங்கே எல்லாக் கணினிகளும் விழித்திருந்தன. பட்டாசுப் பெட்டி லேபிள்களில் மயில்கள் நிறம் நிறமாக இறங்கிக்கொண்டிருந்தன. மையின் மணத்தில் நேரம் மெதுவாகப் போனது. ஒரே சர்வர், ஒரு கட்டடத்துக்கு மட்டும் நம்பர் கொடுத்தது.

படிக்கட்டின் கீழே, இரு கட்டடங்களையும் இணைக்கும் ரௌட்டர் ஆணியில் தொங்கியது. சுற்றிலும் விரல் கனத்துக்குத் தூசி. ரௌட்டர் மட்டும் பளபளத்தது.

திரும்பி வந்து கேட்டாள். "காளிராஜ், கடைசியா எப்ப லீவு போட்டீங்க?"

"போன மாசம், தங்கச்சி கல்யாணத்துக்கு. அதுக்கு முந்தின வாரம்கூட மெயினை நிறுத்திச் சோதிச்சேன். அச்சாபீஸ் சர்வர் எல்லாத்துக்கும் குடுத்துச்சு."

"அந்த லீவுல இங்க இடி மின்னல் இருந்துச்சா?"

செல்லக்கனி நிமிர்ந்தாள். "ஆமா மேடம். ரெண்டு பல்பு வெடிச்சிருச்சு."

ஐஸ்வர்யா மூலையில் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். முதலாளியின் தாய்மாமா, கம்பெனி மேலாளர் லட்சுமிகாந்தம். மின்னல் என்றதும் அவர் மட்டும் தலையைக் குனிந்திருந்தார்.

"ரௌட்டரை மாத்துனது நீங்கதானே சார்?"



"நம்பர் கேக்குற கம்ப்யூட்டருக்குச் சர்வர் எங்க இருக்குன்னு தெரியாது," என்றாள் ஐஸ்வர்யா. "பொதுவா, 'யாராவது குடுங்க'ன்னு சத்தம்தான் போடும். அந்தச் சத்தம் தானா ரௌட்டரைத் தாண்டாது. அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேருன்னு ரௌட்டருக்குச் சொல்லி வைக்கணும். பழசுக்குக் காளிராஜ் சொல்லி வச்சிருந்தார். புதுசுக்கு யாரும் சொல்லல. மத்த எல்லாம் சரியாப் போனதால ஒருத்தருக்கும் தெரியல. மெயின் சாகுற வரைக்கும்."

"பழசு மின்னல்ல எரிஞ்சிருச்சு," என்றார் லட்சுமிகாந்தம் மெல்ல. "மெஷின் பக்கம் போகாதீகன்னு மருமகன் சொல்லியிருந்தான். மழை வந்தா பிளக்கைப் புடுங்குறது மட்டும் என் வேலை, அதை மறந்துட்டேன். யாருக்கும் சொல்லாம கடைக்காரனை வச்சுப் புதுசை மாட்டிட்டேன்."

"இவனைப் போலீஸ்ல குடுக்கப் போறேன்னப்பவும் சும்மாதானே இருந்தீக மாமா?" என்றார் ஸ்ரீராம்குமார்.



காளிராஜ் தன் கணினியில் உட்கார்ந்தான். ரௌட்டருக்கு ஒரே ஒரு வரி கட்டளை எழுதினான். செல்லக்கனியின் திரை ஒளிர்ந்தது. பிறகு அடுத்தது. கனவிலிருந்து எழுவதுபோல அலுவலகம் மெல்லப் பேச ஆரம்பித்தது. முதல் லாரி உறுமியது.

"இங்கனயே இருந்திரு காளிராஜ்," என்றார் ஸ்ரீராம்குமார். "போலீஸ்ல நானே பேசிக்கிறேன்."

காளிராஜ் அவரைப் பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லட்சுமிகாந்தத்தின் முன்னால் நின்றான்.

"அன்னைக்கு ஒரு போன் போட்டிருந்தா, கல்யாண வீட்டுல இருந்தே எந்திரிச்சு வந்திருப்பேன் அண்ணாச்சி. உங்க பேரையும் யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

மழை தொடங்கியிருந்தது. அவன் அந்த மழைக்குள் இறங்கி நடந்தான்.