புகை போகும் பக்கம்

நிரஞ்சினி கற்பூரம் கொளுத்துவதை நிறுத்தி ஒரு கிழமையாகிவிட்டது. ஆனாலும் கேஸ் ஹீட்டரின் மேல்விளிம்பில் தொடங்கிய கரி, சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தின் வேல் வரைக்கும் ஏறியிருந்தது.

"கொளுத்திக் கொளுத்தி என்ர சுவரை அடுப்படியாக்கிப் போட்டாய், சாமியாரம்மா!" என்று பவளராணி அக்கா நேற்றும் சிரித்தாள். "கேஸ்காரர் வந்து பாத்தவரடி. ஹீட்டரில ஒரு பிழையும் இல்லையாம். உன்ர கற்பூரம்தானாம்."

இன்றும் ஹீட்டரைப் பற்றவைத்து, தங்கையின் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டுத்தான் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். மெல்பேர்னின் டண்டினோங்கில் குளிர்காலம்; மாலை ஐந்தரைக்கே இருட்டு. ஹீட்டருக்குள் அடுக்கிய பீங்கான் விறகுகளின் மேல் சுவாலை நீலமே இல்லாமல், அழுக்கு மஞ்சளாய்ச் சோம்பி அசைந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் நீர் வழிந்து வழிந்து இறங்கியது. ஈரத் துணி அவிந்த மாதிரி ஒரு வாடை. நெற்றிக்குள் யாரோ மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

குசினியில் பிரிட்ஜில் ஒட்டியிருந்த கேஸ்காரரின் எண்ணை அழைத்தாள். நித்தியானந்தன் அங்கிள்.

"நான் பவளராணியின்ர தங்கச்சி, அங்கிள். நீங்கள் பாத்த ஹீட்டர் இன்னும் கரி பிடிக்குது."

"இப்ப எரியுதோ அது?" குரல் சட்டென்று மாறியது.

"ஓம்."

"பிள்ளை, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஹீட்டர் வாய்க்கு மேல பிடியும். புகை எந்தப் பக்கம் போகுது?"

பிடித்தாள். புகை உள்ளே போகப் பார்த்தது. தயங்கியது. வளைந்து திரும்பியது.

"என்ர முகத்துக்கு வருது."

"நிப்பாட்டும்! சிம்னி அடைச்சுக் கிடக்கு. நச்சுக் காத்து வீட்டுக்குள்ள வருது. மணமே தெரியாது, ஆளை நித்திரையாக்கிப் போடும். கொளுத்தக் கூடாதெண்டு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, கேஸையும் பூட்டிப் போட்டெல்லே வந்தனான்! அக்காட்டை ரெண்டு தரம் சொன்னனான், பிள்ளை!"

குனிந்து பார்த்தாள். ஹீட்டரின் பக்கத் தகட்டில் சதுரமாய்ப் பசைத் தடம். நகத்தால் சுரண்டிய கீறல்கள்.

ஊரில், சண்டைக்காலத்தில், பதுங்குகுழிக்குள் தன் உடம்பால் அவளை மூடிக் கிடந்த அக்கா. முதுகில் செல் குண்டின் துண்டு பாய்ந்தபோதும் கையை எடுக்காத அக்கா.

ஹீட்டரின் குமிழைத் திருகினாள். அது வெறுமனே சுற்றியது. சுவாலை அசையவில்லை.

வாசலுக்கு ஓடினாள். ஓடவில்லை, கால்கள் தனியே எங்கோ போயின. கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது. உலுக்கினாள். போன் கைநழுவியது. தரையில் கிடந்து அங்கிள் கத்திக்கொண்டிருந்தார்.

அப்போது கேட்டது.

சர்ர்ர்ர்.

நின்றது. மறுபடி, சர்ர்ர்ர்.

ஜன்னல் பக்கம்.

தவழ்ந்தாள். திரைச்சீலையைப் பற்றி எழுந்தாள். உள்ளங்கையால் ஈரத்தைத் துடைத்தாள்.

கண்ணாடிக்கு வெளியே, ஒரு சாண் தூரத்தில், அக்கா. கையில் பெட்டி ஒட்டும் அகல டேப்.

"அக்கா..."

அக்கா நிமிர்ந்தாள். தங்கையைப் பார்த்தாள். எப்போதும் போல் கனிவாய்ச் சிரித்தாள்.

பிறகு குனிந்து, ஜன்னல் விளிம்பில் டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் பொறுமையாய் அழுத்தித் தேய்த்தாள்.