கடலில் போன பிள்ளையின் இடம்

எத்தனை முறை துடைத்தும் அந்தப் பழைய புகைப்படத்தின் கீழ் ஓரம் மட்டும் காயவில்லை. ஷஃபியுல்லா விரலை முகர்ந்து பார்த்தான். உப்பு வாடை. செங்கல்பட்டில், வீட்டு முன்னறையில்தான் அவன் ஸ்டுடியோ. கடல் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்.

மதரசா ஆண்டு விழாவுக்காகப் பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தார்கள். நூறு வருடத்துப் படம். பிள்ளைகள் வரிசையாகச் சம்மணமிட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மரப்பலகை, அதன்மேல் குர்ஆன். ஒரு பலகை மட்டும் வெறுமையாக. அதன் பின்னால் ஆளில்லை.

மதரசாவில் ஓதிக்கொடுக்கும் சைஃபுல்லா ஹஜ்ரத் போனில் சொன்னார்: "அத்த அழிச்சிடாத ஷஃபி. அந்த வருசம் கடல்ல போன பையனுக்கு வச்ச எடம். மையத்து கெடைக்கல. திரும்பி வந்தா ஒக்காரட்டும்னு வுட்டுக்கீறாங்க."

பின்னால் நின்ற மனைவி பதருன்னிசாவுக்கும் அது கேட்டது. அவர்கள் மகள் ஜன்னா ஏழு மாதங்களுக்கு முன் நெம்மேலிக் கரையில், அவன் கைப்பிடியிலிருந்துதான் அலையோடு போனாள். அவள் உடலும் கிடைக்கவில்லை.

"நம்ம புள்ளைய அங்க ஒக்கார வைங்க. ஒரே ஒரு தபா. பாத்துட்டு எடுத்துருங்க."

அவனால் மறுக்க முடியவில்லை. பிறந்தநாள் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவளைப் பிரித்தெடுத்து, நிறம் நீக்கி, கணினியில் ஏற்றியிருந்த மதரசா படத்தின் வெற்றுப் பலகைக்குப் பின்னால் வைத்தான். பதருன்னிசா திரையைத் தடவித் தடவி அழுதுவிட்டு உள்ளே போனாள்.

மதிய வெயிலில் தெரு அடங்கியிருந்தது. மின்விசிறியின் கடகடப்புக்கு அடியில், வெகுதூரத்திலிருந்து வருவதுபோல, அலை உள்வாங்கும்போது கிளிஞ்சல்கள் உரசிக்கொள்ளும் சத்தம் மெல்ல எழுந்து, அறை முழுக்கப் பரவி, சட்டென்று நின்றது.

திரையில் ஜன்னா சிரிக்கவில்லை.

உதடு இறுகியிருந்தது. கண்கள் அவனையே பார்த்தன. அழுவதற்கு முன் அவள் பார்க்கும் பார்வை.

எடுத்துவிட வேண்டும். விரல் நகரவில்லை. ஏற்கெனவே ஒருமுறை விட்டவன்.

உள்ளே பதருன்னிசா மெதுவாகப் பேசுவது கேட்டது. ஏழு மாதமாகக் கேட்காத கொஞ்சல் குரல். எழுந்து போனான். கூடத்துத் தரை முழுக்க ஈரம்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிள்ளை முகம் புதைத்துக் கிடந்தது. படத்துப் பிள்ளைகள் போட்டிருந்த அதே பழங்காலத்து ஜிப்பா, நனைந்திருந்தது. ஒட்ட வெட்டிய முடி. முந்தானையால் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதீங்க," என்றாள், சிரித்தபடி. "ஜன்னா பயந்துகினு கீறா."

பிள்ளை அவன் பக்கம் தலையைத் திருப்பியது. அந்தக் காலப் படங்களில் அசைந்துவிட்டவர்களின் முகம்போல, கண்ணும் வாயும் கலைந்து இழுபட்டிருந்தன. அந்தக் கலங்கலில் குனிந்து பதருன்னிசா முத்தமிட்டாள்.